விளக்குப் பெட்டியில் உங்கம்மா

எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் வரிசையாக நின்றுகொண்டு, ஒரு கறுப்புப் படத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீங்கள் மூன்று பேரும் சூரிய கிரகணம் பார்த்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் படத்தில் இருப்பது உங்கம்மாவுடைய நெஞ்சு. "எனக்குக் குடு, எனக்குக் குடு" என்று நீங்கள் பிடுங்கியதில் அதன் ஒரு மூலை மடங்கிப்போனது. அப்படிச் சூரியனைப் பார்த்தால் கண்ணுக்குக் கெடுதி என்று பிற்பாடு பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஆனால் அது யாருடைய படம், நம் வீட்டுக்கு ஏன் வந்தது என்று நீங்கள் கேட்டதே இல்லை. உங்கம்மாவையே சொல்லச் சொன்னேன். "நீங்களே எழுதிக் குடுங்க, எனக்கு அதை நெனச்சா இப்பவும் மூச்சு முட்டுது" என்றாள். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நிறுத்தியவன் எழுத்து, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. நாகலூருக்கு அந்தப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் எனக்குப் போரர் பார்க்கிற வேலை. போரர் என்றால் காப்பிச் செடியின் தண்டுக்குள் புகுந்து குடைகிற புழு. வெளியே பார்த்தால் செடி பச்சையாகத்தான் நிற்கும். கையால் தண்டைத் தடவிக்கொண்டே போக வேண்டும். பட்டைக்கு மேல் வரிவரியாகப் புடைத்திருந்தால் உள்ளே புழு ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுவோம். அதற்கு வேறு வைத்தியம் கிடையாது.

பெரியவளே, அப்போது நீ கைக்குழந்தை. தவழ ஆரம்பித்திருந்தாய். உன் தம்பியும் தங்கையும் பிறக்கவில்லை.

எங்கள் லைனில் கடைசி வீட்டுக்காரர் ரொம்ப நாளாக இருமிக்கொண்டிருந்து, நெஞ்சுச்சளியில் ரத்தம் வந்து இறந்துபோனார். டி.பி. என்றார்கள். லைனில் இருக்கிற பெரியவர்கள் எல்லோரும் நெஞ்சைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எஸ்டேட்டில் உத்தரவு. லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்காடு டவுனை விட்டு ஒதுங்கி ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அங்கேதான் மெஷின் இருந்தது. ஆண்களை ஒரு நாள், பெண்களை ஒரு நாள். அன்றைக்குச் சாயங்காலம் லாரியில் திரும்பி வரும்போது பெண்களெல்லாம் ஒரே சிரிப்பு. உங்கம்மா தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அடம் பிடித்து, கடைசியில் அதைத் தூக்கிப் பல்லில் கடித்துக்கொண்டு படம் எடுத்தாளாம். "மூச்சு இழும்மாங்கறான், வாயைத் தொறந்தா தாலி உழுந்துருமே, நான் எப்புடி இழுக்கறது?" என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

ஒரு வாரம் கழித்து, எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் என்னைக் கூப்பிட்டார். என் படம் சுத்தம். உன் சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, நம்மோடுதான் இருந்தாள், அவள் படமும் சுத்தம். உங்கம்மா படத்தில் மேலே ஒரு நிழல் இருக்கிறதாம்.

"அந்தம்மாவை நாளைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துடுப்பா. கைக்கொழந்தை வேற இருக்குது. டாக்டர் சரின்னு சீட்டுக் குடுக்காம லைனுக்குள்ள வரக்கூடாதுன்னு தொரை சொல்லிட்டாரு. என்னை மொறைச்சுப் பார்த்து என்ன பண்றது?"

உங்கம்மாவுக்கு இருமல் கிடையாது. சளி கிடையாது. காய்ச்சலும் கிடையாது. கொஞ்சம் இளைத்திருந்தாள், பால் கொடுக்கிறவள் இளைக்கத்தானே செய்வாள்? ஆனாலும் போனோம். உன்னைச் சித்தி இடுப்பில் விட்டுவிட்டுப் போனோம். பஸ் ஏறுகிற வரைக்கும் உன் அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசி அறையை அவளுக்குக் கொடுத்தார்கள். ஒட்டிக்கொள்கிற நோய் என்பதால் தனி அறை. ஒரே ஒரு ஜன்னல், அதில் கம்பிவலை. மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. மேகம் நேராக அந்த வலைக்குள் நுழைந்து கட்டிலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். போர்வை காயவே காயாது. காலையில் ஒரு ஊசி, ஒரு கை நிறைய மாத்திரை. நான் உள்ளே போகக் கூடாது. வெளி வராந்தாவில் நின்று வலை வழியாகப் பேச வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை போனபோது அவள் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. மழை என்று நினைத்துக் கேட்டேன்.

"பாலுங்க. கட்டிக்கிட்டு நொம்ப வலிக்குது. சொவத்துல பீச்சி உடறேன். புள்ள எப்புடி இருக்குதுங்க?"

"நல்லா இருக்குது. ஆட்டுப்பால் குடிக்குது."

"பொய் சொல்றீங்க."

பொய்தான். நீ ஆட்டுப்பாலைத் துப்பிக்கொண்டிருந்தாய்.

உன்னை ஒரு தரம் கண்ணில் காட்டுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். கைக்குழந்தையை அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எத்தனை மாதம் ஆகும் என்றால், மருந்து முடிய வருஷத்துக்கு மேல் ஆகும், இங்கே எத்தனை மாதம் இருக்க வேண்டும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றார். அதற்குள் நீ நடக்க ஆரம்பித்து, பேச ஆரம்பித்து, சித்தியை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவாய். உங்கம்மா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வலையில் விரலை மாட்டிக்கொண்டு சும்மா நின்றாள்.

நான் டாக்டரைப் பார்க்கப் போனேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும், மலைக்குக் கீழே இருந்து வந்தவர். "அந்த நோவை எனக்குக் காட்டுங்க டாக்டருங்க" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு உட்காரச் சொன்னார்.

மேசைமேல் ஒரு தகரப் பெட்டி. முன்பக்கம் பால் நிறக் கண்ணாடி, உள்ளே குழல் விளக்கு. அதில் இரண்டு படங்களை அடுத்தடுத்துச் செருகினார்.

"இது ஒண்ணுமில்லாத ஆளு. முதல்ல இதைப் பாருங்க."

"எனக்கு எங்கூட்டுக்காரி படந்தானுங்க வேணும்."

"இதைப் பார்க்காம அதுல என்ன தெரியும் உங்களுக்கு? நானும் அப்படித்தான் படிச்சேன். இன்னமும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று அலமாரியைக் காட்டினார். பழைய படங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. வேலை இல்லாத நேரத்தில் நல்ல நெஞ்சையும் கெட்ட நெஞ்சையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பாராம்.

அவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன். கறுப்பாக இருப்பது காற்று. நுரையீரல் முழுக்கக் காற்று என்பதால் அது கறுப்பு. வெள்ளையாகக் குறுக்கே ஓடுவது விலா எலும்பு. நடுவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பது இருதயம். அடியில் இரண்டு குடையைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறதே, அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற சதை. கறுப்புக்குள்ளே மரத்தின் சிறு கிளைகள் மாதிரி மங்கலாகப் பிரிவது ரத்தக் குழாய்கள். அது நோய் இல்லை, எல்லோருக்கும் உண்டு. நான் அதைத்தான் நோய் என்று நினைத்து முதலில் விரலை வைத்தேன்.

"அப்புறம் ஒண்ணு" என்றார். "இது போட்டோ இல்லைங்க. முதுகுப் பக்கமிருந்து வெளிச்சம் புகுந்து நெஞ்சுப் பக்கம் வருது. வர்ற வழியில எது இருந்தாலும் அதோட நிழல் விழும். தோல், சதை, எலும்பு எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. முன்னாடி பின்னாடிங்கறது இதுல கிடையாது."

அது எனக்குப் புரிந்தது. மேகம் மூடிய அன்றைக்கு எஸ்டேட்டில் முன்வரிசை செடியும் பின்வரிசை செடியும் ஒன்றாகத் தெரியுமே, அந்த மாதிரி.

பிறகு உங்கம்மா படத்தைக் காட்டினார். பக்கம்தான் எனக்குக் குழப்பம். எதிரில் நிற்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி, நம் இடது கைப் பக்கம் தெரிவது அவளுடைய வலது. அந்த வலது நெஞ்சின் மேல்பகுதியில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல். ஒரே சீராக இல்லை. திட்டுத்திட்டாக, நூல் நூலாக இருந்தது. பக்கத்துப் படத்தில் அந்த இடம் வெறும் கறுப்பு. "டி.பி. இந்த மேல்பக்கம்தான் முதல்ல உக்காரும்" என்றார். சளிப் பரிசோதனையில் ஒன்றும் வரவில்லை, ஆனாலும் படத்தில் இருக்கும்போது விட முடியாது என்றார்.

எனக்கு அது தண்டில் ஓடிய வரியாகத்தான் தெரிந்தது. வரி தெரிந்தால் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்து வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலைக்குப் பின்னால் அவள் முகம். விளக்குப் பெட்டியில் பார்த்த விலா எலும்புகள் அவள் முகத்துக்குக் குறுக்கே ஓடுகிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எப்போது போனாலும் டாக்டர் அறையில் கொஞ்ச நேரம் அந்தப் படங்களைப் பார்ப்பேன். நிழல் தானாகக் கரைந்திருக்கும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. எடுத்த படம் எப்படி மாறும்?

ஒரு நாள் நான் போன நேரத்தில் அறைக்குள் சிஸ்டருக்கும் உங்கம்மாவுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, வந்ததுலேருந்து தலையே சீவல நீ. பேன் புடிச்சு ஆஸ்பத்திரியே நாறப்போகுது. திரும்பு இப்படி."

"பேனு கடிச்சா எனக்குத்தானுங்க அரிக்கும், உங்களுக்கென்னங்க? தலையைத் தொடாதீங்க."

"ஆமா, பெரிய மகாராணி கிரீடம்!" என்று சீப்பைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சிஸ்டர் போய்விட்டார்.

ஏன் தொடவிடவில்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் இங்கே எழுத வேண்டும். நீ பிறந்து, அவள் காய்ச்சலில் கிடந்தபோது பின்னங்கழுத்தில் முடி சிக்கு விழுந்து சடைபிடித்துவிட்டது. அவள் பிறந்த வீட்டு வழக்கப்படி அது சாமிச் சடை. சாமி தானாக வந்து இறங்கியிருக்கிறார். கத்தி வைக்கக் கூடாது, சீப்பு வைக்கக் கூடாது, பிறர் கை படக் கூடாது. வெளியே தெரிந்தால் லைன்காரர்கள் குறி கேட்க வந்து நிற்பார்கள் என்று உங்கம்மாவுக்கு வெட்கம். அதனால் மற்ற முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டு, அந்த ஒரு சடையை மட்டும் தோளுக்குப் பின்னால் ரவிக்கைக்குள் இறக்கி விட்டிருப்பாள். என்னையும் அவள் தங்கையையும் தவிர யாருக்கும் தெரியாது.

அடுத்த முறை நான் போனபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. உங்கம்மா சேலைகளை மூட்டையாகக் கட்டிக் கட்டிலில் வைத்துவிட்டு வலைக்குப் பக்கத்தில் தயாராக நின்றாள்.

"ஏனுங்க, என்னைக் கூட்டிட்டுப் போங்க. இல்லாட்டி நானே போறேன். மாரமங்கலத்துல எங்கண்ணன் ஊடு இருக்குது. மழையில நடந்தே போயிருவேன்."

"சீட்டு இல்லாம லைன்ல உட மாட்டாங்க புள்ள. பாப்பாவுக்கு ஒட்டிக்கிச்சுன்னா என்ன பண்றது?"

"பால் வத்திப்போச்சுங்க. முந்தாநேத்தோட நின்னுபோச்சு. இனி எதுக்கு நான் இங்க இருக்கோணும்? எனக்கு ஒரு நோவுமில்லைங்க. என்ற ஒடம்பு எனக்குத் தெரியாதா?"

"படத்துல இருக்குது புள்ள. நான் பார்த்தேன்."

"எந்தப் படம்? நீங்க பார்த்தீங்க, டாக்டரு பார்த்தாரு, சிஸ்டரம்மா பார்த்தாங்க. என்ற நெஞ்சு. எனக்கு ஆராச்சும் காட்டுனீங்களா?"

நேராக டாக்டரிடம் போய்க் கேட்டேன். பார்த்தால் பயந்துபோவாள் என்றார். பார்க்காவிட்டால் ஓடிப்போவாள் என்றேன். அவர் பெட்டியிலிருந்து படத்தை உருவிக் கொடுத்து, "ஓரத்தைப் புடிங்க, வெளிச்சத்துக்கு நேரா காட்டுங்க" என்றார்.

வராந்தாவில் நின்று, வலைக்கு இந்தப் பக்கம், வானத்து வெளிச்சத்துக்கு நேராகப் படத்தைத் தூக்கிப் பிடித்தேன். அவள் வலையில் மூக்கு படுகிற மாதிரி வந்து பார்த்தாள்.

"இது ஆருங்க?"

"நீதான்."

"அய்யோ, எலும்புக்கூண்டு மாதிரி இருக்கறனே" என்று கொஞ்சம் சிரித்தாள். கற்றதையெல்லாம் சொன்னேன். இது காற்று, இது இருதயம், இது குடை. பிறகு நிழலைக் காட்டினேன். "இதுதான். உன்ற வலது பக்கம்."

அவள் வலையின் மேலேயே விரலை வைத்தாள். நிழலின் கீழ்நுனியில் ஆரம்பித்து மெதுவாக மேலே ஏறினாள். தோள் எலும்பைத் தாண்டினாள். கழுத்து ஓரமாகப் போனாள். விரல் அங்கே நின்றது. அவளுடைய இன்னொரு கை தானாக வலது தோளுக்குப் பின்னால் போனது. என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க" என்றாள், ரகசியம் மாதிரி. "இது நோவு இல்லீங்க. இது நம்ம சாமிங்க."

படத்தை நான் பார்த்தேன். திட்டுத்திட்டாக, நூல் நூலாக. ஒரு கயிறு தொங்குகிற மாதிரி. அத்தனை தடவை பார்த்த எனக்கு அது கயிறாகத் தெரிந்ததே இல்லை.

"படம் எடுக்கறப்ப முடியைத் தூக்கிக் கட்டச் சொல்லலியா?"

"கொண்டையை உச்சியில ஏத்திக் கட்டினனுங்க. இதை மட்டும் அவங்க போட்டுக்கக் குடுத்த அங்கிக்குள்ள உட்டுட்டேன். முன்னாடி பலகையில நெஞ்சை ஒட்டி நிக்கச் சொன்னாங்க. போட்டோ முன்னாடிதான புடிப்பாங்க, முதுகுல இருக்கறது எப்புடித் தெரியும்னு இருந்தனுங்க."

டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் சடையைக் காட்ட வேண்டும். காட்டினால் சிஸ்டர் கத்திரிக்கோலோடு வருவார் என்று அவளுக்குப் பயம். மூட்டையின்மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு எழுந்து முந்தானையை விலக்கி, அதுவரைக்கும் வெளியாள் பார்க்காத அந்தச் சடையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். "கூப்பிடுங்க" என்றாள்.

டாக்டர் வந்து பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. படத்தை வாங்கி, என்னைப் போலவே வானத்துக்குத் தூக்கிப் பிடித்து, கழுத்துப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நுரையீரல் இவ்வளவு மேல வராது. கழுத்துல தெரிஞ்சதைத் துணி மடிப்புன்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு உங்கம்மாவிடம், "வெட்ட வேண்டாம்மா. தூக்கிக் கட்டிக்கிட்டு இன்னொரு படம் எடுத்துருவோம். அதுவரைக்கும் உங்களை அனுப்ப முடியாது. சடைக்கு அடியில நோய் இல்லைன்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

இன்னொரு படம் எடுக்க ஃபிலிம் இல்லை. சேலத்திலிருந்து வர வேண்டும். மழையில் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மண் சரிந்து பஸ், லாரி எதுவும் ஏறவில்லை.

அந்த நாட்கள்தான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமானவை. முன்பாவது நோய்க்காக உள்ளே இருக்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இப்போது ஒரு கறுப்புத் தாளுக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊசியை நிறுத்தியிருந்தார்கள். மேகம் மட்டும் வந்து வந்து போனது. நான் எப்போது போனாலும் முதல் கேள்வி, "மண்ணை அள்ளிட்டாங்களா?"

ரோடு திறந்து, ஃபிலிம் வந்தது. சடையை யாரையும் தொடவிடாமல் அவளே சுருட்டி உச்சந்தலையில் வைத்து, காயத்துக்குக் கட்டுகிற வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டாள். தாலி மறுபடியும் பல்லில். படம் காய்ந்ததும் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். பெட்டியில் பழையதும் புதியதும் அடுத்தடுத்து இருந்தன.

நிழல் இல்லை. அந்த இடம் ஒண்ணுமில்லாத ஆளுடைய படத்தில் இருந்தது போலவே கறுப்பாக இருந்தது. மூச்சு விடப்போனேன். அப்போதுதான், இத்தனை நாள் பார்த்துப் பழகிய கண், கீழே ஓர் இடத்தில் கடுகு அளவு வெள்ளைப் புள்ளியைப் பார்த்துவிட்டது.

"இங்க ஒண்ணு இருக்குதுங்களே!"

உங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பழைய படத்துலயும் இருக்கு பாருங்க" என்றார் டாக்டர். "எப்பவோ சின்ன வயசுல கிருமி வந்திருக்கு, உடம்பே அதை அடக்கிப் பூட்டிவச்சிருக்கு. ஆறின தழும்பு. இந்த மாதிரி எத்தனையோ பேருக்கு இருக்கும்."

செடியில் கிளையைக் கழித்துக் கவாத்து வெட்டிய இடம் ஆறி, பட்டை மூடிக் கணுவாக நிற்கும். புது ஆள் அதைப் போரர் என்று பிடுங்கப் போவான். நாங்கள்தான் தடுப்போம். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் டாக்டர் இன்னொரு முறை சளி எடுத்து, அதன் முடிவு வரும்வரை காத்திருக்க வைத்து, அதற்குப் பிறகுதான் சீட்டில் கையெழுத்துப் போட்டார். இரண்டு படங்களையும் கொடுத்தார். நீங்கள் சூரியனைப் பார்த்தது பழைய படத்தில்.

நாகலூர் பஸ்ஸில் உங்கம்மா ஜன்னல் ஓரம் உட்காரவில்லை. கம்பியைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றாள். தலையில் அந்த வெள்ளைக் கட்டோடுதான் வந்தாள்.

லைன் வாசலில் சித்தி உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். உங்கம்மா இரண்டு கையையும் நீட்டி, "சாமி, கண்ணு, வா" என்றாள். நீ வரவில்லை. அவளைப் பார்த்தாய், தலைக்கட்டைப் பார்த்தாய், சித்தி கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டாய். பால் இருந்திருந்தாலாவது அந்த வாசனைக்கு வந்திருப்பாயோ என்னவோ.

அவள் உன்னைப் பிடுங்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தாள். பயப்படுகிறாய் என்று தலைக்கட்டை அவிழ்த்தாள். சடை சரிந்து மடியில் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அவள் அதை மறைக்கவில்லை.

உன் அழுகை நின்றது. சித்தி உன்னை இறக்கிவிட்டாள். நீ தவழ்ந்து வந்து, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், அந்தச் சடையின் நுனியைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாய்.

நான் பதறிப்போய்க் குனிந்தேன்.

"புடிச்சுக்கட்டும், உடுங்க" என்றாள் உங்கம்மா.